ஸனது இல்லாத மருத்துவம்

(மஹல்லா குடும்பச் சந்திப்பில் நமது பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் தலைவர் அவர்களே, செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகப் பெருமக்களே, மக்தப் மத்ரஸாவின் உஸ்தாதுமார்களே, திரைக்கு அப்பால் அமர்ந்து செவிமடுத்துக் கொண்டிருக்கும் தாய்மார்களே, சகோதரிகளே, வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறையில் வந்திருக்கும் இளைஞர்களே!

நிர்வாகத்தினர் எனக்கு அளித்த தலைப்பு ‘நோயும் நிவாரணமும்’ என்பதாகும். அது ஒரு நாளில் பேசி முடிக்கக்கூடிய தலைப்பன்று. ஆகவே அதைச் சுருக்கிக்கொண்டு, இன்று நம் வீடுகளில் அன்றாடம் நடைபெறும் ஒரு காரியத்தைப் பற்றி மட்டும் பேசுவதற்கு அனுமதி கேட்டேன். கைபேசியில் வருவதைப் பார்த்தும் படித்தும் உடலுக்கும் உள்ளத்துக்கும் தாமே வைத்தியம் செய்துகொள்ளும் பழக்கமே அது.

மருத்துவத்தைப் பற்றிப் பேச இமாமுக்கு என்ன தகுதி என்று யாரேனும் எண்ணினால், அந்த எண்ணம் சரியானதே. எந்த நோய்க்கு எந்த மருந்து என்று நான் இங்கே ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. ஆனால் மத்ரஸாவில் ஏழாண்டுகள் ஓதியதில் ஒரு காரியத்தை எங்களுக்கு நன்றாகப் பழக்கியிருக்கிறார்கள். ஒரு செய்தி வந்தால், ‘இதைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார், அவர் யாரைச் சந்தித்தார்’ என்று கேட்பதுதான் அது. அந்த ஒரு கேள்வியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் முன்னால் நிற்கிறேன்.

ஹதீஸ் கலையில் ‘ஸனது’ என்று ஒன்று உண்டு. அறிவிப்பாளர்களின் சங்கிலி என்று அதைச் சொல்லலாம். சங்கிலியில் உள்ள ஒவ்வொரு மனிதருடைய பெயரும், அவர் வாழ்ந்த காலமும், அவருடைய நினைவாற்றலும், தமக்கு அறிவித்தவரை அவர் நேரில் சந்தித்தாரா என்பதும் ஆராயப்படும். இதற்கென்றே ‘அஸ்மாவுர் ரிஜால்’ என்ற தனிக் கலையை வளர்த்து, ஆயிரக்கணக்கான மனிதர்களின் வரலாற்றை நம் முன்னோர் எழுதி வைத்தார்கள். இடையில் ஒருவர் யாரென்று தெரியாவிட்டால் அவரை ‘மஜ்ஹூல்’ என்று ஒதுக்குவார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. ஒருவர் இரவெல்லாம் நின்று வணங்கக்கூடிய நல்லடியாராக இருப்பார். அவருடைய நேர்மையில் எவருக்கும் ஐயம் இராது. ஆயினும் நினைவாற்றல் குறைந்தவர் என்ற ஒரே காரணத்தால் அவருடைய அறிவிப்பைத் தள்ளிவிடுவார்கள். நல்லவர் என்பது வேறு, அந்த விஷயத்தில் நம்பத்தக்கவர் என்பது வேறு.

தம்மாமிலிருந்து நமக்கு மருத்துவச் செய்திகளை அனுப்பும் மாமா நல்லவர். நம்மீது அன்பு கொண்டவர். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு, படுக்கையில் சாய்ந்தபடி, ஊரிலுள்ள அக்காவுக்கு நலம் உண்டாகட்டுமே என்று எண்ணித்தான் அதை அனுப்புகிறார். ஆனால் அவருக்கு அதை அனுப்பியவர் யார்? அவருக்கு முந்தியவர் யார்? ‘ஒரு பிரபல இதய நோய் நிபுணர் கூறியது’ என்று செய்தி தொடங்குகிறது. அந்த நிபுணருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியிட்டு, ‘பல முறை அனுப்பப்பட்டது’ என்று ஓர் அடையாளம் வருவதைப் பார்த்திருப்பீர்கள். அது செய்தியின் சிறப்பைச் சொல்லும் முத்திரை என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது எச்சரிக்கை. அனுப்பியவர் எழுதியதல்ல இது, கைமாறிக் கைமாறி வந்தது என்று அந்த நிறுவனமே சொல்லிவிடுகிறது. எங்கள் மொழியில் சொன்னால், ராவி மஜ்ஹூல்!

இந்த வகைச் செய்திகளில் மிகப் பழையது ஒன்றைச் சொல்கிறேன். தனியாக இருக்கும்போது நெஞ்சு வலித்தால், மூச்சை இழுத்து விட்டுப் பலமாக இருமிக்கொண்டே இருந்தால் மாரடைப்பிலிருந்து தப்பிக்கலாம் என்கிறது அது. வாட்ஸ்அப் பிறப்பதற்கு முன்பே மின்னஞ்சலில் சுற்றியது. நம் ஊர்க் குழுக்களிலும் ஆண்டுக்கு இரண்டு முறை தவறாமல் வருகிறது. அமெரிக்க இதயச் சங்கம் இதைப் பொதுமக்களுக்குக் கற்பிக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மாரடைப்பு என்பது இதயத்துக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாயில் ஏற்படும் அடைப்பு. இருமுவதால் அந்த அடைப்பு நீங்காது. நேரம் செல்லச் செல்ல, இரத்தம் கிடைக்காத இதயத் தசை இறந்துகொண்டே போகிறது. 108-ஐ அழைக்க வேண்டிய பத்து நிமிடத்தை இருமலில் கழித்தவருக்கு, அந்தப் பத்து நிமிடத்தைத் திருப்பித் தருபவர் யார்?

அன்புப் பெருமக்களே! ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் இடம்பெற்றிருக்கிறது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் கல்லடி பட்டுக் காயம் ஏற்படுகிறது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாகிறது. தயம்மும் செய்துகொள்ள எனக்கு அனுமதி உண்டா என்று உடன் வந்தவர்களிடம் கேட்கிறார். தண்ணீர் இருக்கிறதே, உமக்கு அனுமதி இல்லை என்று அவர்கள் சொல்லிவிடுகிறார்கள். அவர் குளிக்கிறார், இறந்து போகிறார். இது நபி (ஸல்) அவர்களுக்கு எட்டியபோது, அவர்களே அவரைக் கொன்றுவிட்டார்கள் என்று கடுமையாகக் கண்டித்து, தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா என்று வினவினார்கள். இந்த அறிவிப்பின் பிற்பகுதியைப் பற்றி ஹதீஸ் கலையினரிடையே பேச்சு உண்டு. அதை இங்கே விரிக்கவில்லை. நான் சொல்ல வருவது, அந்தப் பயணிக்குப் பதில் சொன்னவர்கள் அவருடைய பகைவர்கள் அல்லர் என்பதைத்தான். உடன் உண்டு உடன் உறங்கிய தோழர்கள் அவர்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் பார்த்தவர், தம்மால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பாளி என்று ஃபிக்ஹ் நூல்களில் சட்டமும் இருக்கிறது. அந்தச் சட்டத்தை ஓதிக் கொடுக்கும்போது எங்கள் உஸ்தாத், மருத்துவர் போல் நடிப்பவரைப் பற்றிச் சொல்வார். இப்போது அனுப்பும் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு விரலையும் பற்றி எனக்கு அது நினைவுக்கு வருகிறது.

2018 ஜூலையில் திருப்பூரில் நடந்ததை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். படித்த இளம் தம்பதியர், யூடியூப் காட்சிகளைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்க்க முற்பட்டார்கள். குழந்தை பிறந்தது. தாய் இரத்தப் போக்கினால் இறந்தார். அடுத்த மாதமே, வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி அளிப்பதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைது செய்யப்பட்டார். நம் பெத்தாக்கள் எல்லாம் வீட்டில்தானே பெற்றார்கள் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பெற்றார்கள், பெற்று இறந்தவர்களும் இருந்தார்கள். நம் கபரஸ்தானின் பழைய பகுதியில், தாயும் சேயும் அடுத்தடுத்து அடங்கிய குழிகளை ஊர்ப் பெரியவர்கள் இன்றும் அடையாளம் காட்டுவார்கள்.

இதை ஒரு பெண் மருத்துவர் எனக்கு விளக்கினார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்குச் சுமார் அரை லிட்டர் இரத்தம் ஓடுகிறது. குழந்தை வெளிவந்து, நஞ்சுக்கொடியும் பிரிந்தவுடன், கர்ப்பப்பை தானே இறுகிச் சுருங்கி அந்தக் குழாய்களை மூடிக்கொள்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு அது நடந்துவிடுகிறது. சிலருக்குச் சுருங்காது, அல்லது நஞ்சு முழுமையாக வெளிவராது. யாருக்கு அப்படி ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல எவராலும் முடியாது. மருத்துவமனையில் அதற்கு ஊசி இருக்கிறது, ஏற்றுவதற்கு இரத்தம் இருக்கிறது, அறுவை அறை இருக்கிறது. வீட்டில் கைபேசி இருக்கிறது. அந்தக் காட்சியில் நலமாகப் பெற்றெடுத்த பெண் சிரித்த முகத்தோடு பேசுகிறார். நலமாகப் பெறாதவர் வந்து காட்சி பதிவிட முடியாதல்லவா?

கொரோனா காலத்தில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரலில், நம் மாநில எல்லையை ஒட்டிய சித்தூர் மாவட்டத்தில், டிக்டாக் காட்சியை நம்பி ஊமத்தை விதையை அரைத்துக் குடித்த சுமார் பத்துப் பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் காயின் முள் உருவம் கிருமியின் படத்தைப் போல இருக்கிறதாம். ஆகவே அது மருந்தாம்! அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஈரானில், சாராயம் கிருமியைக் கொல்லும் என்ற வதந்தியை நம்பி மெத்தனால் கலந்ததைக் குடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். அதற்கு முன்பு, 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போடப்பட்டபோது, வாட்ஸ்அப்பில் வந்த வதந்திகளைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட வீடுகள் பல ஊர்களில் இருந்தன.

இனி, நம் மஹல்லாவில் நடந்த ஒன்று. குடும்பத்தின் அனுமதியோடு, அடையாளம் தெரியாத வகையில் சொல்கிறேன். ஒரு வாப்பா என்னிடம் வந்தார். அவருடைய பத்து வயதுப் பெண் குழந்தைக்கு நாள்தோறும் இன்சுலின் ஊசி. “ஹஜ்ரத், ஒரு வீடியோ வந்திருக்கு. நாற்பது நாள் ஒரு பொடியைச் சாப்பிட்டா ஊசியே வேணாமாம். புள்ள ஊசி போடும்போது அழுறதைப் பார்க்க முடியல. நீங்க துஆ செஞ்சு ஆரம்பிச்சு வைங்க” என்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன. பிள்ளையின் வேதனையைத் தாங்க மாட்டாத தந்தையிடம் அறிவுரை பேசுவது எளிதன்று.

அந்த வீடியோவை நானும் அமர்ந்து முழுமையாகப் பார்த்தேன். அதில் பேசியவர் பொய் சொன்னார் என்றுகூட என்னால் சொல்ல முடியவில்லை. நடுவயதில் வரும் சர்க்கரை நோயைப் பற்றி, உணவைக் குறைத்தால் மாத்திரை குறையலாம் என்ற பொருளில் தொடங்கி, இறுதியில் ‘எல்லாச் சர்க்கரைக்கும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டார். அந்த ஒரு சொல்லில்தான் ஒரு குழந்தையின் உயிர் தொங்கியது. சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோயில், உடல் இன்சுலினைச் சுரப்பதே இல்லை. வெளியிலிருந்து செலுத்துவதை நிறுத்தினால், உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, இரத்தம் அமிலமாகி, ஒரு சில நாட்களுக்குள் மயக்கமும் மரணமும் நேரக்கூடும். 1922 ஜனவரியில் கனடாவின் டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் கண்ட பிள்ளைகள் சில மாதங்களோ, ஓரிரு ஆண்டுகளோதான் உயிர் வாழ்ந்தார்கள். பட்டினி போட்டு நாளைக் கடத்துவதே அன்றைய வைத்தியமாக இருந்தது.

நான் அந்த வாப்பாவிடம், “துஆ செய்கிறேன், ஆனால் பொடிக்கு அல்ல. நாளைக்கு நாம் இருவரும் இந்த வீடியோவை அவளுடைய டாக்டரிடமே காட்டுவோம்” என்றேன். சென்றோம். அந்த மருத்துவர் சினங்கொள்ளாமல் வீடியோவைப் பார்த்துவிட்டு, மெல்லிய ஊசியுள்ள பேனா போன்ற கருவியைக் காட்டி, இடம் மாற்றிப் போடுவது எப்படி என்று பிள்ளைக்கே கற்றுக்கொடுத்தார். வலி என்பதுதான் அந்த வீட்டின் உண்மையான கேள்வி. அதைக் கேட்க நேரம் கிடைக்காதபடியால்தான் அவர் பொடியைத் தேடிப் போனார். மருத்துவர்களுக்கும் நான் இதைச் சொல்ல வேண்டும்: உங்கள் அறையில் மூன்று நிமிடம் மட்டும் கிடைத்தவர், மீதி நேரத்தைக் கைபேசியில் தேடிக்கொள்கிறார்.

உடல் நோயைப் பற்றி இவ்வளவு போதும். உள்ளத்து நோயைப் பற்றித்தான் நான் அதிகமாகப் பேச வேண்டியிருக்கிறது. ஏனெனில் அதைத்தான் நாம் மறைக்கிறோம். காய்ச்சல் என்றால் அடுத்த வீட்டு ராத்தாவிடம் சொல்கிறோம். மகளுக்கு மூன்று மாதமாகத் தூக்கம் இல்லை, காரணமின்றி அழுகிறாள் என்பதைச் சொல்வதில்லை. நாளை சம்பந்தம் பேச வருபவர்கள் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சம். ஆகவே அந்தப் பெண் இரவு இரண்டு மணிக்குக் கைபேசியிடம் கேட்கிறாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அவள் கேட்பதற்கு வேறு எந்தக் கதவை நாம் திறந்து வைத்தோம்?

ஓர் இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். அவரே என்னிடம், “மத்தவங்களுக்குப் பிரயோஜனமா இருக்கும், சொல்லுங்க ஹஜ்ரத்” என்று அனுமதி தந்தார். கல்லூரி மாணவர். ஹவுளில் அமர்ந்தால் நாற்பது நிமிடம் ஒளூ செய்வார். கை விரல்களில் தோல் உரிந்திருக்கும். ஜமாஅத் முடிந்த பிறகு வந்து, “ஹஜ்ரத், ஒளூ கூடிருச்சுதானே? ஒரு தடவை சொல்லிருங்க” என்பார். கூடிவிட்டது என்பேன், முகம் மலர்ந்து போவார். மறுநாளும் அதே கேள்வி. மூன்றாம் நாளும் அதே கேள்வியோடு வந்தபோது, இது மஸ்அலா அல்ல, நோய் என்பது தெளிவாயிற்று.

என்னிடம் மட்டும் அவர் கேட்கவில்லை. இரவெல்லாம் இணையத்தில் கேட்டுக்கொண்டிருந்தார். ஐந்தாறு ஃபத்வா தளங்கள். ஒவ்வொன்றிலும் சொற்கள் சற்று வேறு. அந்த வேறுபாட்டிலிருந்து புதிய சந்தேகம் ஒன்று பிறக்கும். பிறகு மருத்துவத் தளங்கள். ஒன்று வைட்டமின் குறைவு என்றது. இன்னொன்று மூச்சுப் பயிற்சி விற்றது. மூன்றாவது காட்சியில் ஒருவர், இது ஜின்னின் வேலை, ஓதுவதற்கு இன்ன தொகை, இந்த எண்ணுக்கு அனுப்புங்கள் என்றார். இரண்டு ஆண்டுகள் இப்படியே கழிந்தன.

இந்த நோயின் இயல்பை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். சந்தேகம் வருகிறது, நெஞ்சு பதறுகிறது, யாரிடமாவது கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்ற பதில் கிடைக்கிறது, பதற்றம் அடங்குகிறது. அடங்கியதே விபரீதம். கேட்டால்தான் அடங்கும் என்று உள்ளம் பழகிக்கொள்கிறது. அடுத்த முறை சந்தேகம் இன்னும் பெரிதாக வருகிறது. முன்பெல்லாம் கேட்பதற்கு ஒரு வாப்பா, ஒரு இமாம் என்று ஓர் எல்லை இருந்தது. அவர்கள் தூங்கப் போய்விடுவார்கள். கைபேசி தூங்குவதில்லை. எத்தனை முறை கேட்டாலும் சலிப்பதில்லை. அந்தச் சலிப்பின்மைதான் இந்த நோயாளிக்கு நஞ்சு. சாதாரணத் தலைவலியை மூளைக் கட்டி என்று தேடித் தேடி அஞ்சுபவர்களுக்கும் இதே கதைதான்.

அவருடைய மாமாவை அழைத்துப் பேசி, இருவரையும் மதுரையிலுள்ள மனநல மருத்துவர் ஒருவரிடம் அனுப்பினோம். மாத்திரையும் கொடுத்தார், ஒரு பயிற்சியும் கொடுத்தார். ஒரு முறை கழுவ வேண்டும்; சந்தேகம் வந்தாலும், நெஞ்சு பதறினாலும், திரும்பக் கழுவாமல் எழுந்து வந்துவிட வேண்டும்; பதற்றம் தானே தணியும்வரை பொறுத்திருக்க வேண்டும். இதைக் கேட்டு நான் வியந்து போனேன். உறுதியானதைச் சந்தேகத்தால் நீக்க முடியாது என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதிகளுள் ஒன்று. வஸ்வாஸ் உடையவர் சந்தேகத்தைப் பொருட்படுத்தாமல் எழுந்து தொழ வேண்டும் என்றுதான் நம் இமாம்கள் எழுதிவைத்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு, ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டில், 934-ல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடலையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி ஒரு நூல் எழுதினார். அச்சம், கவலை, கோபம், விடாமல் துரத்தும் எண்ணம் என உள்ளத்து நோய்களைப் பிரித்து, உடலுக்கு மருத்துவம் இருப்பது போலவே உள்ளத்துக்கும் உண்டு என்று விளக்கினார். கெய்ரோவில் 1284-ல் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப் பகுதியே இருந்தது. இந்த வாரிசுச் சொத்தை விட்டுவிட்டு, பெயர் தெரியாத வீடியோவை நாம் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

அந்த இளைஞருடைய கதை அங்கேயே சுபமாக முடிந்துவிடவில்லை. இரண்டாம் வாரத்தில் மாத்திரையின் பெயரைக் கைபேசியில் தேடினார். நீண்ட பக்கவிளைவுப் பட்டியல் வந்தது. பட்டியலில் நூற்றில் ஒருவருக்கு வருவதும், பல்லாயிரத்தில் ஒருவருக்கு வருவதும் ஒரே எழுத்தில் அடுத்தடுத்து நிற்கும். அஞ்சி, யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டார். உம்மாதான் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். இத்தகைய மாத்திரைகள் பயன்தரப் பல வாரங்கள் ஆகும் என்பதும், திடீரென நிறுத்தினால் தலைச்சுற்றலும் எரிச்சலும் வரும் என்பதும், மருத்துவர் படிப்படியாகத்தான் குறைப்பார் என்பதும் அவருக்கு அப்போது தெரியாது. மனநல மாத்திரை எல்லாமே அடிமையாக்கும் என்பது பொதுவான பேச்சு. தூக்கத்துக்குத் தரப்படும் சில மாத்திரைகளுக்கு அந்த அபாயம் உண்டு. அதனால்தான் அவற்றைக் குறைந்த நாட்களுக்கே எழுதுவார்கள். எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. இப்போது அவருக்கு ஒளூ ஐந்து நிமிடத்துக்குள் முடிகிறது. முழுமையாக நீங்கிவிட்டது என்று சொல்ல முடியாது; என்னிடம் கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டார். நானும் பதில் சொல்வதில்லை என்று மருத்துவர் முன்னிலையில் எங்களுக்குள் ஒப்பந்தம்!

ஜின்னைப் பற்றிப் பேசாமல் இதைக் கடந்து செல்ல முடியாது. ஜின் இனம் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஓதிப் பார்ப்பதும் நம்மிடம் உள்ள வழக்கம். என்னிடமும் வருகிறீர்கள், நானும் ஓதுகிறேன். ஆனால் காதில் குரல் கேட்கிறது, யாரோ தன்னைக் கொல்லச் சதி செய்கிறார்கள் என்று சொல்லும் பிள்ளையை, வீடியோவில் வரும் ஒருவருடைய சொல்லை மட்டும் நம்பி மாதக்கணக்கில் வைத்திருப்பதை எந்தக் கிதாபும் சொல்லவில்லை. நமக்கு அருகிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியலில் நடந்ததை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தனியார் நடத்திய காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். அன்று நம்மிடம் இப்படிப்பட்ட கைபேசி இல்லை. ‘அங்கே கொண்டு போய்க் கட்டிவைத்தால் குணமாகும்’ என்ற வாய்ச்செய்திதான் தொலைதூர ஊர்களிலிருந்தெல்லாம் குடும்பங்களை அழைத்து வந்தது. இன்று அதே செய்திக்கு ஒலியும் ஒளியும் கிடைத்திருக்கின்றன, அவ்வளவுதான் வேறுபாடு. குஜராத்தில் உனாவா என்ற ஊரிலுள்ள மீரா தாதார் தர்காவில், துஆவுக்கு வருபவர்களை அங்கேயே மனநல மருத்துவரிடமும் அனுப்பும் ஏற்பாடு பல ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறது. துஆவோடு தவாவும் என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆகவே என் வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஓதிப் பார்க்க வருபவரிடம், மருத்துவரைப் பார்த்தீர்களா என்று முதலில் கேட்பேன். இதனால் ஹஜ்ரத்துக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது என்று சிலர் பேசிக்கொள்வதாகக் கேள்விப்பட்டேன். பேசட்டும்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. அரை நிமிடக் காட்சிகளைப் பார்த்து, எனக்கு இன்ன மனநோய் என்று பெயர் சூட்டிக்கொள்ளாதீர்கள். ஒன்றைப் பார்த்தால் அதே போன்ற நூறு காட்சிகளை அந்தக் கருவி கொண்டுவந்து கொட்டும். உலகம் முழுவதும் அதையே சொல்வது போலத் தோன்றும். உண்மையில் உங்கள் விரல் கேட்டதையே அது திரும்பத் தருகிறது. தந்தையை இழந்தவனின் துக்கம் நோயன்று. மறுபக்கம், மாதக்கணக்கில் உண்ணாமல் உறங்காமல் கிடப்பதை ‘ஈமான் குறைவு’ என்று சொல்லும் காட்சிகளும் உள்ளன. அவையும் அதே அளவு தீங்கானவை.

இப்போது, கேட்ட கேள்விக்கு மனிதரைப் போலவே விடை எழுதித்தரும் கருவிகள் வந்துவிட்டன. அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2025-ல் ஒரு நிகழ்வைப் பதிவு செய்தார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர், உணவில் உப்பைக் குறைக்க விரும்பி, சாட்ஜிபிடியிடம் கேட்ட பின், சமையல் உப்புக்குப் பதிலாக சோடியம் புரோமைடை வாங்கி மூன்று மாதம் உண்டதாகக் கூறினார். அண்டை வீட்டார் தமக்கு நஞ்சு வைக்கிறார் என்ற சந்தேகத்தோடு மருத்துவமனைக்கு வந்தார். இல்லாத குரல் கேட்டது, இல்லாத உருவம் தெரிந்தது. உண்மையில் நஞ்சு அவருடைய உப்புக் கிண்ணத்தில் இருந்தது. மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து தேறினார். அவரையும் ஓதிப் பார்ப்பவரிடம் கொண்டு போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் கருவி சரியாகவும் சொல்லும், தவறாகவும் சொல்லும். இரண்டையும் ஒரே உறுதியான குரலில் சொல்லும். உங்கள் முகம் வெளிறியிருப்பது அதற்குத் தெரியாது.

இணையம் முழுவதும் கேடு என்று நான் சொல்லவில்லை. பதிவு பெற்ற மருத்துவர் காணொளி வழியாக உங்களைப் பார்த்துச் சீட்டு எழுதுவது முறையான மருத்துவமே. அரசின் இ-சஞ்சீவனி அப்படித்தான் நடக்கிறது. அங்கே சொல்பவருக்குப் பெயர் இருக்கிறது, பதிவு எண் இருக்கிறது, நாளை கேட்டால் பதில் சொல்லும் கடமையும் இருக்கிறது. ஸனது என்று நான் சொன்னது அதைத்தான். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, மனநோய் போன்றவற்றை முற்றிலும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. அச்சட்டம் தாயத்து, மந்திரம் ஆகியவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம்மில் சிலர் இதைக் கவனமாகக் கேட்க வேண்டும்.

வீட்டில் யாராவது, இனி வாழ்ந்து என்ன பயன் என்ற பொருளில் பேசினால், வீடியோ தேடாதீர்கள். தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம், இரவிலும் பேசலாம். மருத்துவமனைக்குப் போனால் வழக்கு வருமோ என்று அஞ்சி மறைக்கும் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று கூறுகிறது.

இறுதியாக, நிர்வாகக் குழு எடுத்திருக்கும் இரண்டு முடிவுகளை அறிவிக்கும் பொறுப்பை எனக்குத் தந்திருக்கிறார்கள். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில், சொன்னவரின் பெயரும் பொறுப்பும் இல்லாத மருத்துவச் செய்தி எதுவும் இனி இடம்பெறாது. வந்தால் நீக்கப்படும், அனுப்பியவர் தலைவராக இருந்தாலும் சரி. (இதைத் தலைவரே சொல்லச் சொன்னார்.) அடுத்து, மாதத்தின் முதல் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு, மத்ரஸாக் கட்டடத்தின் பின் அறையில் ஒரு மருத்துவரும் மனநல ஆலோசகர் ஒருவரும் அமர்வார்கள். பெண்கள் கிணற்றடிப் பக்க வாசல் வழியாக வரலாம். அந்த நேரத்தில் முன்வாசல் சாத்தப்பட்டிருக்கும். பெயர் எழுதும் நோட்டு வைக்கப்படாது. கைபேசியில் வந்த எந்தச் செய்தியையும் கொண்டுவந்து காட்டி, இது உண்மையா என்று கேட்கலாம்.

வஸ்ஸலாம்.